கை நனைச்ச ஊடு

அந்த செல்லைப் பையில போடுங்க சார். இந்த மலையில அதுக்கு டவர் கிடையாது. உங்க ஜீப்புக்கு டயர் மாத்த இன்னும் நேரமாகும், டிரைவரைப் பாத்துட்டுத்தான் வாரேன். நீங்க சாப்பிடுங்க. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் கொழம்பும். இது பெருமாயி ஊடு. அந்தம்மா பையன் சின்னக்கண்ணைத்தான வெல்டர் வேலைக்கு அரபு நாட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்க?

நானா? ஊர்ல தோழர்ம்பாங்க. ஆவாதவங்க சண்டைக்காரன்ம்பாங்க. ரெண்டும் சரிதானுங்க. எங்க பைல் நாட்டுக்கு, இந்த மலையில சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் அதான் பேரு, பஸ் வரோணும்னு ரோட்ல படுத்தவன். சேலம் ஜெயில்ல களி தின்னவன். பள்ளிக்கூடம் அஞ்சாவதோட சரி, மிச்சமெல்லாம் துண்டறிக்கையில படிச்சது. அதனால அந்த அக்ரிமெண்டை எனக்குப் படிச்சுக் காட்ட வேண்டியதில்லீங்க. தங்க எடம், ஆஸ்பத்திரி செலவு, திரும்பி வர டிக்கெட்டு எல்லாம் கம்பெனி பொறுப்பு. பாஸ்போர்ட்டு சின்னக்கண்ணு கையிலதான் இருக்கும். நல்லாத்தான் அச்சடிச்சிருக்கீங்க. காளியண்ணனுக்கும் இதேதான் அச்சடிச்சுக் குடுத்தானுங்க.

உங்களுக்கு எப்படித் தெரியும், அது வேற கம்பெனி. மேலூட்டுப் பையன், அவனும் வெல்டர்தான். கூப்பிட்டவன் அவனைச் சந்தையில மாட்டைக் கைமாத்தற மாதிரி இன்னொரு கான்ட்ராக்டர்கிட்டத் தள்ளி உட்டுட்டான். எண்ணெ டேங்குக்குள்ள எறங்கி வேலை செய்யறப்ப மூச்சு முட்டிச் செத்தான். மேல ஒரு ஆளு நின்னு பாக்கோணுமாம், உள்ள காத்து அடிக்கோணுமாம். ஒரு மயிரும் கிடையாது. சரி, செத்தவனையாவது அனுப்புங்கடான்னா, விசா குடுத்தவன் வேலை வாங்கினவனைக் கேளுங்கறான். வேலை வாங்கினவன் விசா குடுத்தவனைக் கேளுங்கறான். பொணம் ஐஸ் பொட்டியில கெடக்குது. நான் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல தொண்டை கிழியக் கத்தறேன். கடைசியில முள்ளுக்குறிச்சி மொளகு யாவாரி ஜாபர் உசேன் பாய்தான், அங்க வேலை செய்யற மச்சானை உட்டு அலைய வெச்சு வர வெச்சாரு. மொளகு ஏத்தற லாரியிலதானுங்க காளியண்ணன் இந்த வளைவெல்லாம் ஏறி வந்தான். பாய்க்கு என்னங்க பொறுப்பு? அவரா விசா குடுத்தாரு?

சட்டம் பேசாதீங்க சார்! இங்க ஒரு சட்டம், அங்க ஒரு சட்டம், நடுவுல கடல். கேட்டா ஆளாளுக்குக் கடலைக் காட்டறீங்க.

கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க. காரமா? எங்க மொளகு அப்படித்தான்.

நான் சாமி கும்பிடறவன் இல்லீங்க. தீட்டுன்னு எவனாவது சொன்னா மறுநாளே நோட்டீஸ் அடிச்சு ஒட்டினவன். ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் உட்டு வெச்சிருக்கேன். எங்க நாட்டுல ஒரு ஆளை வெளியூர் வேலைக்குக் கூட்டிட்டுப் போறவன் அந்த ஊட்ல கை நனைக்கோணும். நனைச்சிட்டான்னா, அதே வாசப்படியில ஆளைக் கொண்டாந்து உடற வரைக்கும் அவந்தான் பொறுப்பு. இன்னொருத்தனைக் கை காட்டக் கூடாது. கொண்டாந்து உட்டுட்டு அதே ஊட்ல மறுக்காவும் சாப்பிடோணும். காளியண்ணனைக் கூட்டிட்டுப் போன ஏஜெண்ட்டுக்கு இது தெரிஞ்சிருக்கும் போல. ஜீப்பை விட்டே எறங்கல. அவங்கம்மா தட்டோட வந்து நின்னுச்சு. வவுறு சரியில்லீங்கன்னுட்டு பிஸ்கட்டைத் தின்னுட்டே போயிட்டான்.

நீங்க ரெண்டாந்தரம் சோறு வாங்கீட்டீங்க.

ஏனுங்க, எங்க எந்திரிக்கறீங்க? ஏமாத்தறதா? ஆமாங்க, அப்படியே வெச்சுக்கங்க. உங்க பேப்பர்ல கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கீங்களே, தேவைப்பட்டா வேற எடத்துக்கு மாத்துவோம்னு, அதை அவனுக்கு யாராச்சும் சொன்னீங்களா? நான் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். இது எந்தக் கோர்ட்லயும் நிக்காதுன்னு எனக்கும் தெரியும். கோர்ட்டுக்கா சொல்றேன்? உங்களுக்குச் சொல்றேன். நீங்க தின்ன சோறு உங்களுக்குத் தெரியுமில்ல.

உக்காருங்க. வெளிய நீலச் சட்டை போட்டுட்டுப் பொட்டியைக் கயித்துல கட்டறான் பாருங்க, அவந்தான் சின்னக்கண்ணு. கையெழுத்துப் போட்டதிலிருந்து நான் அவங்கிட்டப் பேசறதில்ல. வாயைத் தொறந்தா போகாதடா சாமின்னு வந்துருமோன்னு. அவன் நல்ல வேலைக்காரன் சார், போகத்தான் போறான்.

ஆமாங்க, எம் பையந்தான். மோர் ஊத்தட்டுங்களா?