கறுப்புக்கொடிக்கு ஒரு பொய்

சங்கரபாண்டி: இந்த சீனு?

சுடலைராஜ்: இது... வேண்டாம். விடு.

சங்கரபாண்டி: ஏன் அண்ணாச்சி? ஜெனரல் வாராருன்னு காஞ்ச புல்லுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கானுவ. இதைப் பொய்யின்னு சொல்லலாமே.

சுடலைராஜ்: அன்னைக்கு நீ அடிக்கலையா?

சங்கரபாண்டி: நான் புல்லுக்கு அடிக்கல. நான் போறதுக்குள்ள புல்லு தீந்துபோச்சு. தரைக்குத்தான் அடிச்சேன்.

சுடலைராஜ்: அப்ப வாயை மூடிக்கிட்டுப் படத்தைப் பாரு.

சங்கரபாண்டி: வந்ததுலருந்து இதையேதான் சொல்லுதீய. வெளிய நம்ம சங்கத்து ஆளுவ கறுப்புக்கொடியோட வெயில்ல நிக்காவ. 'முன்னாள் ராணுவத்தாரைக் கேவலப்படுத்தும் பொய்ப் படம்'னு பேனரே அடிச்சாச்சு. நீங்க செயலாளரு, நான் பொருளாளரு. உள்ள போயி எதெது பொய்யின்னு பாத்துட்டு வந்து மைக்குல பேசணும். அதுக்குத்தான நமக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தாவ.

சுடலைராஜ்: தெரியும்லே.

சங்கரபாண்டி: ஒரு பொய்யாவது வேணும் அண்ணாச்சி. ஒண்ணு போதும்.

சுடலைராஜ்: தேடிக்கிட்டுதான இருக்கேன். கிடைக்க மாட்டேங்கே.

சங்கரபாண்டி: டீசலை லாரிக்காரனுக்கு வித்தது?

சுடலைராஜ்: அது நீ.

சங்கரபாண்டி: புது பூட்ஸைச் சந்தையில வித்தது?

சுடலைராஜ்: அது... நான்.

சங்கரபாண்டி: ஆபீசர் வீட்டு நாய்க்குப் பிறந்தநாள்னு பரேடு வச்சது? இதை யாரும் நம்ப மாட்டாவ அண்ணாச்சி.

சுடலைராஜ்: நாய்க்குக் கேக்கு ஊட்டுனது யாரு?

சங்கரபாண்டி: நான்தான். கையைக் கடிச்சுப்புட்டு.

சுடலைராஜ்: அப்புறம் எப்படிலே பொய்யின்னு சொல்ல? எதிரி வருவான், எதிரி வருவான்னு அந்த மலை மேல அத்தனை வருசம் துப்பாக்கியத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். கடைசியில வந்தது ஆடிட்டு.

பின்சீட்டுக்காரர்: பெரியவங்களே, கொஞ்சம் மெதுவா. வசனம் கேக்கல.

சங்கரபாண்டி: இந்தா தம்பி... பேசல, பேசல.

சுடலைராஜ்: ஏலே பாண்டி. ரெண்டு வரிசைக்கு முன்னால, துண்டை மடியில போட்டுக்கிட்டு ஒரு வழுக்கத்தலை குலுங்குதே, தெரியுதா?

சங்கரபாண்டி: ஆமா. விழுந்து விழுந்து சிரிக்காரு. யாரு?

சுடலைராஜ்: வாசுதேவநல்லூர் ஆறுமுகச்சாமி. எங்க சுகிர்தாவை அவரு மவனுக்குக் கேட்டு வந்திருக்காருல்லா, அவருதான்.

சங்கரபாண்டி: அய்யய்யோ. அவரை யாரு உள்ள விட்டா?

சுடலைராஜ்: 'சம்பந்தி, நானும் கொடி புடிக்கேன்'னு காலையிலயே வந்துட்டாரு. வந்தவரு, 'படத்தைப் பாக்காம எதிர்க்கணும்னா மனசு ஒப்பல'ன்னு சொல்லி டிக்கெட் எடுத்துட்டாரு. நேர்மையான மனுசன்லே. அதான் பயமா இருக்கு.

சங்கரபாண்டி: உங்களுக்கு என்ன பயம்? நீங்கதான் மெடல் வாங்குன ஆளாச்சே.

சுடலைராஜ்: குத்திக் காட்டாத. அது மெடலா? பித்தளை வில்லை. புளி போட்டுத் தேய்ச்சாத்தான் மின்னுது.

சங்கரபாண்டி: ஊருக்கு அது மெடல்தான. ஆகஸ்ட் பதினஞ்சுக்குப் பள்ளிக்கூடத்துல கொடி ஏத்திட்டு நீங்க சொல்லுத கதை எனக்கே மனப்பாடம். மலை சரிஞ்சு விழுந்துச்சு. மூட்டை சுமக்குற நம்ம கோவேறு கழுதை பள்ளத்துல கிடந்துச்சு. அதைக் காப்பாத்த உசுரை மதிக்காம குதிச்சீய. முழங்கால் போச்சு...

சுடலைராஜ்: அந்தக் கதையைக் கேட்டுட்டுத்தான்லே அவரு பொண்ணு கேட்டு வந்தாரு. 'மெடல் வாங்குன வீட்டுல சம்பந்தம்'னு பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட எல்லாம் சொல்லுதாரு. பாரு, படத்துல டீசலு, பூட்ஸு, நாயி எல்லாம் வந்துட்டு. அந்தக் கழுதை மட்டும் வராம இருந்தா போதும்.

சங்கரபாண்டி: அண்ணாச்சி.

சுடலைராஜ்: என்ன?

சங்கரபாண்டி: திரையைப் பாருங்க.

சுடலைராஜ்: ...செவலை நிறமா இருக்கே.

சங்கரபாண்டி: நம்ம செவலை மாதிரியே நெத்தியில வெள்ளை.

சுடலைராஜ்: வாளியில என்னலே கொண்டு வாரானுவ?

சங்கரபாண்டி: ஊறவச்ச கொண்டக்கடலை. அண்ணாச்சி, பந்தயம் கட்டப் போறானுவ. இந்தா... ரம்மு பாட்டிலை நடுவுல வச்சுட்டானுவ. 'எவ்வளவு தின்னும்னு பாப்போம்'ங்கான்.

சுடலைராஜ்: நான் கண்ணை மூடிக்கிடுதேன். முடிஞ்சதும் சொல்லு.

சங்கரபாண்டி: தின்னுது... இன்னொரு வாளி... தியேட்டரே சிரிக்கு. வயிறு உப்பிட்டு. அண்ணாச்சி, செத்துப்போச்சு.

சுடலைராஜ்: வழுக்கத்தலை?

சங்கரபாண்டி: சிரிப்பை நிறுத்திட்டாரு. லைட்டைப் போட்டுட்டான், இடைவேளை. எந்திரிச்சு இங்கனதான் வாராரு.

சுடலைராஜ்: சமோசா வாங்கப் போனதாச் சொல்லு.

சங்கரபாண்டி: உங்களைப் பாத்துட்டாரு அண்ணாச்சி.

ஆறுமுகச்சாமி: சம்பந்தி. என்ன இப்படி எடுத்து வச்சிருக்கான்?

சுடலைராஜ்: அதான சொல்லுதேன்...

ஆறுமுகச்சாமி: சிரிச்சுப்புட்டேன். அதுக்கு மன்னிச்சிருங்க. ஆனா இதெல்லாம் பொய்தான?

சுடலைராஜ்: பொய்தான். பெரும்பாலும்.

ஆறுமுகச்சாமி: எது எதுன்னு நீங்க சொன்னா, வெளிய நானும் அதைச் சொல்லிக் கத்தலாம்.

சுடலைராஜ்: அந்த... ஆபீசர் மீசை. எங்க ஆபீசருக்கு மீசையே கிடையாது.

ஆறுமுகச்சாமி: மீசையா?

சங்கரபாண்டி: பட்டாளத்துல மீசை பெரிய விசயம் அண்ணாச்சி.

ஆறுமுகச்சாமி: மீசைக்கா கறுப்புக்கொடி புடிக்கோம்? சரி, மிச்சத்தையும் பாத்துட்டுப் பேசுவோம். அந்த வாயில்லா சீவனைக் கொன்னானுவளே, அதை நினைச்சாத்தான்... நான் வாரேன்.

சங்கரபாண்டி: போயிட்டாரு. மூச்சு விடுங்க.

சுடலைராஜ்: ஏலே, ஒண்ணு கேக்கேன். பந்தயம் கட்டும்போது அந்த லாயத்துல எத்தனை பேரு இருந்தோம்?

சங்கரபாண்டி: மூணு பேரு.

சுடலைராஜ்: நீ, நான், செவலை. செவலை செத்துப்போச்சு. நான் இங்கன உக்காந்து வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருக்கேன். அப்ப அந்த டைரக்டர் பயகிட்ட யாருலே சொன்னா?

சங்கரபாண்டி: என்னைச் சந்தேகப்படுதீயளா?

சுடலைராஜ்: பின்ன, செவலை ஆவியா வந்து சொல்லிச்சா?

சங்கரபாண்டி: லைட் அணைச்சுட்டான். படத்தைப் பாருங்க.

சுடலைராஜ்: பேச்சை மாத்தாத... இந்தா பாரு, செத்த கழுதை பேருக்கு மாசாமாசம் கடலை வாங்கி, கீழ ஊரு டீக்கடையில வித்துக்கிட்டு இருக்கான். அச்சு அசல் நீதான்.

சங்கரபாண்டி: கொண்டு போனது நான். விக்கச் சொன்னது நீங்க.

சுடலைராஜ்: ஜெனரல் கழுதையைப் பாக்கணும்ங்காரு. சலவைக்காரரு வீட்டுக் கழுதையை ஓட்டிட்டு வாரானுவ. செவலை நிறம் வரப் பழுப்பு பூட் பாலிஷ் போடுதானுவ. இதெல்லாம் எவன் சொல்லாம வரும்?

சங்கரபாண்டி: ...பிரியாணி வாங்கிக் குடுத்தான் அண்ணாச்சி.

சுடலைராஜ்: என்னது?

சங்கரபாண்டி: கரிவலத்துக்காரப் பயதான அவன். தேரடிப் பக்கம் லாட்ஜுல தங்கியிருந்தான். 'சண்டை இல்லாத காலத்துல என்ன அண்ணாச்சி செய்வீய'ன்னு கேட்டான். பாலிஷ் போட்டதும், மழை வந்து ஜெனரல் கையெல்லாம் பாலிஷ் ஒட்டிக்கிட்டதும் சொன்னேன். பய கீழ உக்காந்து சிரிச்சான். அத்தனை வருசமா அந்தச் சிரிப்பாணியை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு அலைஞ்சேன் அண்ணாச்சி. உங்களுக்குப் பயந்து ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்குத்தான் எனக்குச் சாப்பாடு செரிச்சுது.

சுடலைராஜ்: உனக்குச் செரிச்சுது. எனக்குக் கல்யாணம் நிக்கப்போவுது.

சங்கரபாண்டி: ஸ்... உதைக்கப்போவுது. பாலிஷ் போடுதவன் குனியுதான்...

சுடலைராஜ்: பாக்க மாட்டேன்.

சங்கரபாண்டி: முழங்கால்லயே விட்டுட்டு. தியேட்டர் இடிஞ்சு விழுத மாதிரி சிரிக்கானுவ. எல்லாத்தையும் மறைக்க, மலை சரிஞ்சு செவலை செத்ததா ரிப்போர்ட் எழுதுதானுவ. நொண்டிக்கிட்டே போயி மெடல் வாங்குதான். அண்ணாச்சி, அந்த நடிகன் அப்படியே உங்களை மாதிரியே நொண்டுதான்.

சுடலைராஜ்: என்னை விட நல்லா நொண்டுதான்லே, பாவி. வழுக்கத்தலை?

சங்கரபாண்டி: திரும்பி உங்க காலைப் பாக்காரு.

சுடலைராஜ்: காலை சீட்டுக்கு அடியில விட்டுட்டேன்.

சங்கரபாண்டி: இனி விட்டு என்ன... செவலைக்குக் கல்லு நட்டுட்டானுவ. பேண்ட் வாசிக்கானுவ. வரிசையா நின்னு சல்யூட் அடிக்கானுவ. நாமளும் அடிச்சோமே.

சுடலைராஜ்: அன்னைக்கு உனக்குச் சிரிப்பு வந்துச்சு. தொண்டையைச் செருமிக்கிட்டே நின்ன.

சங்கரபாண்டி: உங்களுக்கு?

சுடலைராஜ்: நீ படத்தைப் பாரு.

சங்கரபாண்டி: இது என்ன? செத்த அன்னைக்கு ராத்திரியைத் திருப்பிக் காட்டுதான். எல்லாரும் தூங்கிட்டானுவ. இவன் மட்டும் செவலை பக்கத்துல போயி உக்காருதான். தலையை மடியில தூக்கி வச்சுக்கிட்டு... 'மன்னிச்சிரு தாயி'ங்கான். விடிய விடிய தடவிக் குடுக்கான்.

சுடலைராஜ்: ம்.

சங்கரபாண்டி: தியேட்டர்ல ஒரு சத்தம் இல்ல. ஆறுமுகச்சாமி அண்ணாச்சி துண்டால கண்ணைத் தொடைக்காரு. அண்ணாச்சி... இதை நான் சொல்லல.

சுடலைராஜ்: தெரியும்.

சங்கரபாண்டி: எனக்கே தெரியாதே. ரம்மைப் பங்கு போட்ட உடனே நான் கவுந்துட்டேன். அப்ப இதை யாரு...

சுடலைராஜ்: நான்தான்லே. உனக்கு முந்தியே என்கிட்ட வந்துட்டான் அந்த டைரக்டர் பய.

சங்கரபாண்டி: அப்ப இவ்வளவு நேரம் என்னைத் திட்டுனது?

சுடலைராஜ்: பழியை உன் தலையில போடலாம்னு பாத்தேன். நீ நெசமாவே சொல்லியிருப்பன்னு கனவா கண்டேன்?

சங்கரபாண்டி: நல்ல செயலாளரு. நல்ல பொருளாளரு. வெளிய நிக்கானுவ பாருங்க வெயில்ல, அவனுவதான் பாவம்.

சுடலைராஜ்: படம் முடிஞ்சுட்டு. எந்திரி, பின்வாசல் வழியாப் போயிருவோம்.

ஆறுமுகச்சாமி: சம்பந்தி. நில்லுங்க.

சுடலைராஜ்: நீங்க நினைக்கது புரியுது. எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை ஒண்ணும் நினைச்சுராதீய.

ஆறுமுகச்சாமி: அந்த முழங்கால்... சலவைக்காரரு கழுதை உதைச்சதுதானா?

சுடலைராஜ்: ...ஆமா.

ஆறுமுகச்சாமி: அந்த ராத்திரி அதும் பக்கத்துல உக்காந்திருந்ததும் நீங்கதான?

சங்கரபாண்டி: அவருதான் அண்ணாச்சி. இப்பத்தான் என்கிட்டயே சொல்லுதாரு.

ஆறுமுகச்சாமி: எங்க வீட்டுலயும் ஆடு மாடுதான் சம்பந்தி. சினையாடு ஒண்ணு செத்தா நான் ரெண்டு நாள் சோறு திங்க மாட்டேன். மெடலுக்காகத்தான் வந்தேன், பொய் சொல்லல. மெடல் கிடக்கட்டும். செத்த சீவன்கிட்ட மன்னிப்புக் கேட்ட மனுசன் வீட்டுல பொண்ணெடுக்கேன், எனக்கு அது போதும். கொடியை மடிச்சு வைக்கச் சொல்லுதேன். நீங்க மெதுவா வாங்க, படி இருக்கு.

சங்கரபாண்டி: தப்பிச்சீய அண்ணாச்சி. கண்ணைத் தொடைச்சுக்கிட்டே போறாரு மனுசன். வெளிய போயி மைக்கைப் புடிச்சு, 'படத்துல ஒரு பொய்யும் இல்ல'ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போவோம்.

சுடலைராஜ்: ஒண்ணு இருக்குலே.

சங்கரபாண்டி: திரும்பவும் மீசையா?

சுடலைராஜ்: அந்தப் பய கேட்டான்... 'அது செத்த ராத்திரி பக்கத்துல யாரு அண்ணாச்சி இருந்தா'ன்னு. யாரும் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ கவுந்து கிடந்த அதே பாயிலதான்லே நானும் கிடந்தேன்.