உங்கள் கூடை காலியாக உள்ளது

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கம்பீரம் குறையாமல் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! வரவேற்புரை என்ற பெயரில் என்னை வானளாவத் தூக்கி வைத்துவிட்டு, இறங்குவதற்கு ஏணி தராமல் போய் அமர்ந்துவிட்ட செயலாளர் அவர்களே! முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்தீர்களோ, விட்டுவிட்டு வந்தீர்களோ, எப்படியோ வந்து இந்த மன்றத்தை மன்றமாக்கிய தாய்மார்களே! கடையைச் சாத்திவிட்டு வந்த வணிகத் தோழர்களே! பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று கதவோரம் நிற்கும் கெட்டிக்காரர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று என் கையில் ஒரு பட்டயம் கொடுத்திருக்கிறீர்கள். ‘சொற்காவலர்’ என்று அதில் பொறித்திருக்கிறீர்கள். எதற்காக? நம் சங்க உறுப்பினர்களின் இணையக் கடைகளை எல்லாம் இனிய தமிழில் எழுதிக் கொடுத்தேனாம். வேண்டாம், கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். என் முன்னால் இந்த மேசையில் ஒரு சிவப்பு ஒயர் கூடை இருக்கிறதே, அதன் கதையைக் கேளுங்கள். கேட்ட பிறகும் கை தட்டத் தோன்றினால், அது உங்கள் பெருந்தன்மை.

நான் யார்? அச்சகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் பிழை திருத்தியவன். பிழை பார்ப்பதே என் பிழைப்பு. ஒற்று மிகுமா, மிகாதா? ஒருமையா, பன்மையா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவன் நான். அப்படிப்பட்ட நான், பிழை திருத்தியே பிழைத்த நான், என் சொந்தத் தங்கையின் பிழைப்பிலேயே ஒரு பிழை செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

என் தங்கை மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேடை நாகரிகத்துக்கு ‘அவர்’ என்று சொல்ல வேண்டும். முயன்று பார்த்தேன், வாய் வரவில்லை. துணி ஆலையில் பொதி கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனால் ஆலையின் வாசலில் பூட்டு! கணவர் இல்லை. ஒரே மகள், கணினி பழுதுபார்க்கும் கடையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். என் தங்கை என்ன செய்தாள்? அழுதாளா? அழுதாள், அரை நாள். பிறகு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து ஒயர் கூடை பின்ன ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. தொலைவில் ஒரு மாணவியர் விடுதியில் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வருகிறீர்களா, அடுத்த மாத முடிவுக்குள் பதில் எழுதுங்கள் என்று. போனால் சோறு உண்டு, மகள் பக்கத்தில் இல்லை. இருந்தால் மகள் உண்டு, சோற்றுக்கு வழி இல்லை. கூடை விற்றால் கூடியிருக்கலாம், விற்காவிட்டால் பிரிந்து போக வேண்டும். நிலைமை அவ்வளவுதான், தோழர்களே.

“இணையத்துல கடை போடலாம்மா” என்றாள் என் மருமகள். அதாவது தங்கை மகள். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு மடிக்கணினியை வைத்தாள். வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சன்னலோரம் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் ஒவ்வொரு கூடையாக நிறுத்திப் படம் எடுத்தாள். நீளம், அகலம், நிறம், விலை, அனுப்பும் செலவு, பணம் கட்டும் வழி என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். எல்லாம் முடிந்து, பக்கத்தின் மேலே சொற்கள் போடும் நேரம் வந்தது. வந்தது வினை! நான் உள்ளே நுழைந்தேன்.

திரையில் என்ன இருந்தது? ‘ப்ராடக்ட்ஸ்’ என்றிருந்தது. ‘கார்ட்’ என்றிருந்தது. பொங்கினேன்! சொல்லுக்கா பஞ்சம் நமக்கு? சொற்களின் சுரங்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு கடன் கேட்பதா?

மருமகள் மெதுவாகச் சொன்னாள், “மாமா, கார்ட்னே இருக்கட்டும். எல்லாருக்கும் பழகிப்போச்சு.”

“புரிவது பெரிதா? தமிழ் பெரிதா?” என்று கேட்டேன்.

“அம்மா, மாமாவுக்கு ஒரு மைக் வாங்கிக் குடும்மா. வீட்டுலயும் மேடை போட்டுட்டாரு” என்றாள்.

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. மூன்று நாள் யோசித்தேன். ‘ப்ராடக்ட்ஸ்’ என்பதை எடுத்துவிட்டு ‘எங்கள் கைவண்ணம்’ என்று போட்டேன். அழகா இல்லையா? வாங்கும் பொருளை வாடிக்கையாளர் சேர்த்து வைக்கும் இடத்துக்குக் ‘கார்ட்’ என்று பெயராமே, அதற்கு ‘வண்டி’ என்று போட்டுப் பார்த்தேன், கடகடவென்றிருந்தது. ‘பை’ என்று போட்டேன், சப்பென்றிருந்தது. நான்காம் நாள் காலையில் பல் துலக்கும்போது அந்தச் சொல் வந்தது. எளிய சொல், இனிய சொல். என்ன சொல்?

கூடை!

ஆமாம். சொன்ன தாய்மாருக்கு நன்றி. கூடை விற்கும் கடையில், வாங்குகிற பொருளை வைக்கும் இடத்துக்குப் பெயர் கூடை. பொத்தானில் ‘கூடையில் இடுக’. ஒன்றும் வாங்கவில்லை என்றால் என்ன வரும்? ‘உங்கள் கூடை காலியாக உள்ளது.’ ‘உங்கள்’ சரி, ‘உள்ளது’ சரி, முற்றுப்புள்ளி சரி. இலக்கணம் இம்மியும் பிசகவில்லை. எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அப்போது என் தங்கை, பாதி பின்னிய கூடை மடியில் இருக்க, ஒயரின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “ஏண்ணே, கூடை காலின்னு வருதே. பாக்கறவங்க நம்மகிட்ட சரக்கே இல்லேன்னு நெனச்சுட மாட்டாங்களா?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “அடடா” என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? தனித்தமிழின் தேவை பற்றி அரைமணி நேரம் பேசினேன்! அவள் கேட்டது அவள் வயிற்றைப் பற்றி. நான் சொன்னது என் வித்தையைப் பற்றி. முழுதும் கேட்டுவிட்டு, “சரிண்ணே, நீ படிச்சவன்” என்று சொல்லிவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தாள்.

கடை திறந்தது. ஒரு வாரம் போனது, விற்பனை இல்லை. இரண்டு வாரம் போனது, ஒன்றும் இல்லை. ஐந்து வாரம், தோழர்களே! முன்னறையில் கூடைமேல் கூடை உயர்ந்து, மின்விசிறியைப் போட்டால் இறக்கை இடிக்குமோ என்று பயப்படும் அளவுக்கு ஆயிற்று. “பொறுத்தார் பூமி ஆள்வார்” என்று நான் பழமொழி சொன்னேன். பழமொழி சொல்ல என்ன செலவு?

மாத முடிவு வந்தது. தங்கை விடுதிக்குப் பதில் எழுதினாள். எழுதியவள் அதை என்னிடம் நீட்டினாள். “பிழை இருந்தா பாத்துக் குடுண்ணே.” ‘வேலைக்கு சேர வருகிறேன்’ என்று எழுதியிருந்தாள். நான் பேனாவை எடுத்து, ‘வேலைக்கு’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு ‘ச்’ போட்டேன்.

கேட்டீர்களா? தாயும் மகளும் பிரியப் போகிற கடிதம். அதில் எனக்குத் தெரிந்த குறை, ஒரு ‘ச்’!

மறுநாள் காலை. மருமகள் வேலைக்குக் கிளம்புகிறாள், போகும் வழியில் தபாலில் போடக் கடிதம் அவள் பையில் இருக்கிறது. அப்போது தொலைபேசி அடித்தது. தங்கையின் கை இரண்டும் வேலையில் இருந்ததால் நான் எடுத்தேன், எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

“ஏங்க, கூடை விக்கறதாப் போட்டிருக்கீங்களே, எப்பத்தாங்க கூடை வரும்?”

“அம்மையீர், தாங்கள் யார் பேசுவது?”

“யாரா? நான் சலவைக்கடை வச்சிருக்கேங்க. பெரிய கூடையா பன்னெண்டு வேணும். அஞ்சு வாரமா பாக்கறேன். கூடைன்னு இருக்கேன்னு தொட்டா, ‘உங்கள் கூடை காலியாக உள்ளது’ங்குது. என் கூடை காலியா இல்லீங்க, கிழிஞ்சு கெடக்கு! உங்க கூடையைக் காட்டுங்கன்னா என் கூடையைப் பத்திப் பேசுதே?”

“அம்மா, ‘எங்கள் கைவண்ணம்’ என்று ஒன்று இருக்குமே...”

“அது ஏதோ செவுத்துக்கு அடிக்கிற வண்ணம்னு விட்டுட்டேன்.”

இடி! உச்சந்தலையில் நேராக இறங்கிய இடி! மருமகள் பையைக் கீழே போட்டுவிட்டுக் கணினியைத் திறந்தாள். ஐந்து வாரத்தில் நம் கடைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? அறுநூற்றுப் பதினொரு வருகை. அதில் ‘கூடை’யைத் தொட்டது அறுநூற்று ஏழு. அத்தனையும் ‘காலி’ என்று படித்துவிட்டுத் திரும்பிப் போனவை. ‘எங்கள் கைவண்ணத்தை’த் தொட்டது நான்கே நான்கு. அந்த நால்வர் யார் தெரியுமா? நானேதான். என் சொல்லழகை ரசிக்க நான்கு தடவை போயிருக்கிறேன்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதைவிடப் பெரிய அதிர்ச்சி அதற்குப் பிறகுதான் வந்தது. மருமகள் என்னைப் பார்த்துச் சொன்னாள், “அம்மா அன்னைக்கே கேட்டாங்க மாமா.”

“விடுடி” என்றாள் தங்கை. “அண்ணனுக்குத் தெரியாததா? எனக்குத்தான் புரியலைன்னு நெனச்சேன்.”

அவளுக்குப் புரிந்திருந்தது! முதல் நாளே புரிந்திருந்தது! புரிந்த தன்னைப் புரியாதவள் என்று நம்ப வைத்தது எது? என் அரைமணி நேரப் பேச்சு. எதிரி செய்யவில்லை, போட்டிக் கடைக்காரர் செய்யவில்லை. அண்ணன் செய்தேன், அன்போடு செய்தேன், அருந்தமிழில் செய்தேன்.

தலைவர் சீட்டு அனுப்புகிறார், ‘சுருக்கவும்’ என்று. இதோ முடிக்கிறேன் ஐயா. ‘சுருக்கவும்’ பிழையில்லாமல் இருக்கிறது.

“அந்தச் சொல்லை எடுத்துடு, வேற யோசிக்கிறேன்” என்றேன் மருமகளிடம். “நீ யோசிக்காதேண்ணே” என்றாள் தங்கை. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை மறித்துப் பேசினாள். “கடைக்கு வர்றவங்க என்ன சொல்வாங்க? ‘இது ரெண்டு எடுத்து வைங்க’ம்பாங்க. அதையே போட்டா என்ன?”

எடுத்து வைங்க! எத்தனை அகராதியைப் புரட்டினேன், எத்தனை நாள் தவித்தேன்! சொல் என் தங்கையின் வாயில் இருந்தது. தினமும் இருந்தது. ஒயரைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது. பொத்தானில் ‘எடுத்து வைங்க’ என்று போட்டோம். சேரும் இடத்துக்கு ‘எடுத்து வைத்தவை’ என்று போட்டோம். ‘எங்கள் கைவண்ணம்’ போய், விற்கும் பொருளுக்குப் பெயராக ‘கூடைகள்’ வந்தது. “இப்பப் பாருங்கம்மா” என்று சலவைக்கடை அம்மாவிடம் சொன்னோம்.

மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடிதம் பையில் இருக்கிறது. தங்கை சொன்னாள், “வாயால சொன்னது ஆர்டர் ஆகுமா? வந்தாப் பாப்போம். நீ பஸ்ஸுக்குக் கிளம்புடி.” மருமகள் செருப்பை மாட்டினாள். ஒரு செருப்புத்தான் மாட்டியிருப்பாள். கணினி ‘டிங்’ என்றது. ‘பெரிய கூடை: 12. எடுத்து வைக்கப்பட்டது. பணம் செலுத்தப்பட்டது.’

ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள் மகள். தங்கை அந்தக் கடிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தாள். நான் போட்ட ‘ச்’ எந்தத் துண்டில் போயிற்றோ, தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

தோழர்களே! அன்று முதல் யாருக்கு இணையக் கடை எழுதினாலும், முதலில் பொருளைச் செய்கிறவரிடம் கேட்கிறேன், அடுத்து வாங்குகிறவரிடம் கேட்கிறேன், கடைசியில்தான் அகராதியிடம் கேட்கிறேன். தமிழைக் காப்பது எது? நான் கட்டுகிற சொல்லா? கடையில் நின்று மக்கள் பேசுகிற சொல்தான்! அந்தச் சொல்லைக் கொடுத்தவளுக்குத்தான் இந்தப் பட்டயம் போக வேண்டும். அதனால், பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் முன்னிலையில், இந்தச் சொற்காவலர் பட்டயத்தை என் தங்கை பின்னிய இந்தச் சிவப்புக் கூடையில்...

என்னம்மா? என்ன சொல்கிறாய்? சத்தமாகச் சொல்.

“அண்ணே! அதுல போடாதே! அது எடுத்து வச்ச கூடை, நாளைக்கு அனுப்பணும்!”

கேட்டீர்களா? இப்போது தட்டுங்கள் கையை. எனக்கு அல்ல, தூணுக்குப் பின்னால் இருந்து எழுந்து நிற்கிறாளே, அவளுக்கு!

பட்டயத்தை நான் கையிலேயே வைத்துக்கொள்கிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், இரண்டாம் சீட்டு அனுப்பாத தலைவருக்கும், கடைசிவரை நழுவாமல் நின்ற கதவோர நண்பர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வருகிறேன், வணக்கம்.