புள்ளிக்கோட்டுக்குப் பதினேழாண்டு காவலிருந்த ஆனிமேரி அம்மையாருக்கு

வட்டாரத் திட்டப் பிரிவில் முப்பத்தோராண்டுகள் வரைவாளராய் வீற்றிருந்து, வரைபடமே வாழ்வாய், அளவுகோலே அணிகலனாய், இன்று பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய திருமதி ஆனிமேரி லாசர் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் ஒருங்கு கூடி உவந்தளிக்கும் மடல்.

மூவேந்தர் ஆண்ட முத்தமிழ் மண்ணில், மூன்று முடிகளையும் முகம் கோணாமல் ஒருங்கே அமர்த்தும் பேறு முன்னோர் எவருக்கும் எளிதில் வாய்த்ததில்லை. ஆயின் நெடுமடை, குறுமடை, ஓடைக்கரைப்பட்டி எனும் மூன்று ஊராட்சிகளின் தலைவர்களையும் ஒரே பெஞ்சில் அமர்த்திக் காட்டிய ஒப்பற்ற பெருமாட்டியே! சரியாகச் சொன்னால், இருவரைத்தான் அமர்த்தினீர்கள். அவர்கள் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டதால், நடுவே ஒடுங்கி உட்கார மனமின்றி மூன்றாமவர் கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். நடவடிக்கைக் குறிப்பில் தாங்கள் ‘மூவரும் கலந்துகொண்டனர்’ என்று மட்டும் எழுதினீர்கள். அந்தப் பெருந்தன்மையை நாங்கள் இன்றும் வியக்கிறோம்.

அந்த மூன்று ஊர்களும் கூடும் முக்கில் ஓர் அறுபதடி உண்டு. நெடுமடை தன் மழைநீர் வடிகாலைத் தன் எல்லைவரை கட்டி நிறுத்தியது. குறுமடையும் தன் வடிகாலைத் தன் எல்லையில் நிறுத்தியது. ஓடைக்கு வழிவிட வேண்டிய ஓடைக்கரைப்பட்டியோ, மற்ற இருவரும் முடிக்கட்டும் என்று தொடங்கவேயில்லை. ஐப்பசி பிறந்தால் மூன்று ஊர்த் தண்ணீரும் அந்த அறுபதடியில் வந்து ஒற்றுமையாய்க் கலந்து நிற்கும். வாடிப்பட்டிப் பேருந்து அதற்கு முன்பே நின்றுவிடும். இறங்குபவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்று ஊருக்கும் ஒரே திட்டம் என்று தாங்கள் படம் வரைந்து பதினேழு ஆண்டுகள். ஒப்புதல் பெற்ற வடிகாலுக்கு முழுக்கோடு, பெறாததற்குப் புள்ளிக்கோடு என்பது நம் தொழிலின் விதி. அந்த அறுபதடி மட்டும் புள்ளிக்கோடாகவே இருந்தது. கணினி வந்தது, படம் காகிதத்திலிருந்து திரைக்கு ஏறியது, புள்ளிகளும் கூடவே ஏறின. புதிதாய் வந்த பவதாரிணி ஒருமுறை, “அக்கா, பேசாம இதச் சேத்துவிட்டுரவா? ஒரு கிளிக்தான்” என்றபோது, “ஊருல சேராதத நீ படத்துல சேத்து யாருக்கும்மா ஆகப் போகுது” என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினீர்களே, அந்த நேர்மையை என் சொல்லிப் போற்றுவோம்!

எவரும் எதிர்ப்பவரில்லை என்பதே தங்களுக்கு நேர்ந்த தனிச்சோதனை. நெடுமடைத் தலைவர் விருமாண்டி, “திட்டம் நல்ல திட்டந்தேன். ஆனா நான் மொதல்ல கையெழுத்துப் போட்டா, தணிஞ்சு போயிட்டான்னு ஊருக்குள்ள பேசுவாங்க” என்றார். குறுமடைத் தலைவர் செல்லத்தாய், “அவுக போடட்டும்க்கா, நான் பேனாவத் தொறந்துதான் வச்சிருக்கேன்” என்றார். ஓடைக்கரைப்பட்டி உக்கிரபாண்டி, “ரெண்டு பேரும் போடட்டும். மூணாவதா போடுறதுக்கு நான் என்ன சாட்சிக்காரனா?” என்று கேட்டார். இவர்களுக்கு முன்பிருந்த தலைவர்களும் இதையேதான் வேறு குரலில் சொன்னார்கள். தாங்கள் சலிக்காமல் அதே திட்டத்துக்கு மூன்று படங்கள் வரைந்தீர்கள். ஒவ்வொன்றிலும் அந்தந்த ஊர் நடுவில் இருந்தது. மூவரும் மகிழ்ந்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் தாங்கள் உள்ளூர நொந்தது முக்கில் தேநீர்க்கடை வைத்திருக்கும் சின்னத்தாய் ஒருவருக்காகவே என்பதை நாங்கள் அறிவோம். அளவெடுக்கப் போகும்போதெல்லாம், அடுப்பைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு அவர் கேட்பார்: “என்னக்கா, இந்த வருசமாச்சும் தண்ணி போகுமா?” “அடுத்த வருசம் போயிரும் சின்னத்தாயி” என்பீர்கள். பதினோராவது வருடம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டு, தேநீரை மட்டும் நீட்டினார். காசும் வாங்கவில்லை. அன்றிலிருந்து ஆறு வருடமாக, அந்தக் கடையைக் கடக்காமல் இருக்கவே தாங்கள் நான்கு கிலோமீட்டர் சுற்றிப் போனீர்கள். வண்டி ஓட்டிய முத்திருளன் காரணம் கேட்டதில்லை. பயணப்படியில் அந்த நான்கு கிலோமீட்டரைத் தாங்கள் ஒருநாளும் சேர்த்ததில்லை.

இம்மடல் சென்ற வாரமே அச்சேறிவிட்டது. இன்று காலை நடந்ததைச் சேர்ப்பதற்காகத் திரும்ப வாங்கி மறுபடி அடித்தோம். மேலிட்ட சட்டத்தின் கண்ணாடி சரியாக ஒட்டாதிருப்பின் பொறுத்தருள்க.

காலையில் மூன்று தலைவர்களும் சால்வையோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். நாற்காலி பார்க்காமல் உட்கார்ந்தார்கள். உக்கிரபாண்டிதான் ஆரம்பித்தார்: “அக்கா போறதுக்குள்ள அதப் போட்டுருவோம்ப்பா. இனி நம்மள யாரு என்னா சொல்லப் போறா?” செல்லத்தாய், “கொண்டாங்க, நானே மொதல்ல போடுறேன்” என்றார். “ஏத்தா, நான் போடக்கூடாதா?” என்று விருமாண்டி பேனாவுக்குக் கை நீட்டினார். பதினேழு வருடம் கிடைக்காத மூன்று கையெழுத்தும் இரண்டு நிமிடத்தில் விழுந்தன. முத்திருளன் மட்டும் தயங்கித் தயங்கி, “அக்கா, அது வந்து...” என்று இழுத்தார்.

“தெரியும்ப்பா. அந்த ஸ்கேல எடு” என்றீர்கள்.

பின்பு தங்கள் கைப்பையிலிருந்து பழைய மைப்பேனாவை எடுத்து, காகிதப் படத்தில் அந்த அறுபதடியைத் தங்கள் கையாலேயே முழுக்கோடாக்கினீர்கள். படத்தில் அது ஒரு விரல் அகலம்தான். மை காயும்வரை அதன்மேல் மெல்ல ஊதிக்கொண்டிருந்தீர்கள். பின்பு, “சாயங்காலம் விழா முடிஞ்சதும் முக்குக்கு ஒரு நடை போயிட்டு வாரேன். இனி நான் ஆபீஸ்காரி இல்லல்ல, சின்னத்தாயிகிட்ட தைரியமா டீ குடிக்கலாம்” என்றீர்கள்.

அன்பும் அளவும் பிசகாத அம்மையீர்! நாளை காலை தங்கள் மேசையில் வேறொருவர் அமர்வார். அந்தப் படத்தை விரித்தால் அவரிடம் நாங்கள் என்ன சொல்வோம் என்று இப்போதே கலங்குகிறோம். ஆனையூர் இல்லத்தில், இனி எந்த ஊராட்சிக்கும் எந்த விளக்கமும் எழுத வேண்டாத இனிய காலைகள் தங்களுக்கு வாய்க்கட்டும். மூட்டு வலியின்றி, கண் மங்கலின்றி நூறாண்டு வாழ்க. ஐப்பசி தோறும் மழை பெய்கையில் எங்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்க.

பிரிவாற்றாமையுடன்,
வட்டாரத் திட்டப் பிரிவின் அலுவலர்களும் பணியாளர்களும்

பின்குறிப்பு: இன்று கையெழுத்திட்ட தலைவர்கள் மூவரின் பதவிக்காலமும் சென்ற ஆண்டே முடிந்துவிட்டது.