பன்னிரண்டு பிள்ளைகள், பதின்மூன்று முகங்கள்

மாடியறையை வகுப்புக்கு மனமுவந்து தந்து, இன்று தலைமையேற்றிருக்கும் அச்சகக்காரர் அவர்களே! சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு மண் பிசைந்து உருவம் செய்யக் கற்றுத்தரும் டீச்சர் அவர்களே! சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து இறக்காத செயலாளர் அம்மா அவர்களே! பன்னிரண்டு பிள்ளைகளின் பதினொரு தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் என் மாப்பிள்ளை அவர்களே! பதின்மூன்று முகங்கள் வந்த அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளோடும் என்னோடும் அந்த அறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். ஒருவரையும் விடவில்லை. விடுகிற வழக்கம் எனக்கில்லை.

வகுப்பை மூடிவிடலாமா என்று கேட்கக் கூடியிருக்கிறோம். கூடாது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

டீச்சரின் முறை உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு கை தன் முகத்தைத் தடவ, மறு கை மண்ணைப் பிடிக்க வேண்டும். அன்றும் அப்படித்தான் செய்தார்கள். கண் திறந்தால் பலகையில் பதின்மூன்று முகங்கள்!

"யாரு ரெண்டு செஞ்சது?" என்றார் டீச்சர்.

என் பேத்தி, ஆறு வயதுக்காரி, மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "என் கை மேல இன்னொரு கை இருந்துச்சு டீச்சர். ஜில்லுனு இருந்துச்சு."

பதின்மூன்றாவது முகம் பிள்ளை முகமல்ல, பெண் முகம். இடது புருவத்தில் ஒரு பிளவு. அவையோரே, இந்தப் பேத்தியைப் பெற்ற அன்றே கண்மூடிய என் மகளுக்கு அந்த இடத்தில்தான் தழும்பு. தாழ்ப்பாள் கிழித்தது. படம் எடுக்கும்போதெல்லாம் முடியை இழுத்து மறைத்துக்கொள்வாள். இருந்த படங்களையும் மாப்பிள்ளை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார். பிறகு எப்படித் தெரியும் அந்தப் பிஞ்சு விரலுக்கு? யார் சொன்னது? எந்த வாய் சொன்னது?

முகத்தின் அடியில் பெயர் கீற வேண்டும். பெயரில்லாததை மண் ஊறவைக்கும் தொட்டியில் போட்டுக் கரைக்க வேண்டும் என்பது வகுப்பு விதி. செயலாளர் அம்மா புரட்டிப் பார்த்தார். "பேர் இல்லையே, யாருதுங்க இது?"

சொல்ல வேண்டியவர் அவர்தான் என்று மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். மாப்பிள்ளை குனிந்தார். அவர் விரல் தானாக அந்தப் புருவத்துக்குப் போனது. நான் பார்த்தேன். நிமிர்ந்தார். "தெரியலீங்க. யாரோ. தொட்டியில போட்டுடுங்க" என்றார்.

போட்டார்கள். செயலாளர் அம்மா, தலை குனியாதீர்கள். நீங்கள் விதிப்படி செய்தீர்கள். என் குடையைத் தொலைத்த கோபம் வேறு; அதை வெளியே வைத்துப் பேசிக்கொள்வோம். சிரிக்காதீர்கள், நல்ல குடை!

மறு சனிக்கிழமை அந்தத் தொட்டி மண்ணைத்தான் பிசைந்து பங்கிட்டார்கள். கண் திறந்தால் பன்னிரண்டு முகங்கள். சப்பை மூக்கு, எத்துப்பல், எல்லாம் அவரவர் முகம்தான். ஆனால் பன்னிரண்டிலும் இடது புருவத்தில் பிளவு! ஒன்று தற்செயல். இரண்டும் தற்செயல். பன்னிரண்டுமா?

"பயமா இருக்கு பாட்டிம்மா, பூட்டிடுவோம்" என்கிறாயே, முன்வரிசைத் தாயே! உன் பிள்ளையைக் கீறினாளா அவள்? கிள்ளினாளா? ஆறு வருடம் தொடாத தன் குழந்தையைத் தொட ஒரு பிடி மண் கேட்டாள். வேறு எங்கே போய்க் கேட்பாள்? பள்ளிக்கூடத்திலா? அங்கே கையைக் கட்டு என்கிறார்கள். வீட்டிலா? அங்கே அவள் முகமே பரணில் கிடக்கிறது. பிஞ்சுக் கைக்கு மண் கொடுங்கள், வண்ணம் கொடுங்கள். நம் பழுத்த கண்ணுக்குப் படாததை அந்தக் கை பார்த்துக்கொள்ளும்!

போன வாரம் பேத்தி என் காதோடு சொன்னாள்: "பாட்டி, அந்தக் கை இப்ப கொஞ்சம் சூடாயிருச்சு."

இந்த நேரத்திலா பூட்டுவீர்கள்?

கை தூக்குங்கள். தூக்கும் கைகளை எண்ணி வைத்துக்கொள்வேன், மறக்க மாட்டேன். பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும் தாய்மார்களுக்கும், பயந்து ஓடிய பிள்ளைகளுக்கும், ஓடாத பிள்ளைகளுக்கும் நன்றி, வணக்கம். என் வணக்கம் ஒரே ஒருவருக்கு இல்லை. தெரிந்த முகத்தை யாரோ என்றவர், என் மாப்பிள்ளை.