குதிச்சா குதிச்சதுதான்

இல்ல சார், தண்ணி வேணாம். அழுவுறேன்னு நினைச்சீங்களா? கோவம் வந்தா என் கண்ணு இப்படித்தான் ஆகும். நீங்க கம்ப்ளைன்ட்ட எழுதுங்க. எதுல விட்டேன்? ஆங், வேலை. வீடியோ கேம் பண்ற கம்பெனி. விளையாடுறதுக்கா சம்பளம்னு கேக்காதீங்க, சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டு முடிச்சுட்டாங்க.

பாதாள வாசல்னு ஒரு கேம். தெரியாதா? உங்க பையனக் கேட்டுப் பாருங்க. இருபத்திரெண்டு வருஷமா வருது, ஏழு பாகம். ஒரு வீரன் குகைக்குள்ள போவான், பள்ளம் பள்ளமாத் தாண்டுவான். அவ்ளோதான் கதை. ஆனா அவன் குதிச்சா குதிச்சதுதான், காத்துல திரும்ப முடியாது. தப்பாக் குதிச்சா விழுந்து சாகணும். மொத பாகத்துல வச்சது, ஆறாவது வரைக்கும் யாரும் அதுல கை வைக்கல.

ஆறாவது வந்தப்ப ஜனங்க என்ன சொன்னாங்க தெரியுமா? அரைச்ச மாவையே அரைக்கிறானுங்க, பழசுக்கே வேற அட்டை போட்டு விக்கிறானுங்கன்னு. படுத்துருச்சு. எங்க டைரக்டர் எல்லாரையும் உக்காரவச்சு சொல்றாரு, அடுத்ததுல எல்லாம் புதுசா இருக்கணும், ஆனா எதுவும் மாறின மாதிரி தெரியக் கூடாது. எப்படி சார்? தலைக்குக் குளிக்கணும், முடி நனையக் கூடாதா? சொல்லிட்டு அவர் பாட்டுக்கு எழுந்து போயிட்டாரு.

காத்துல திரும்பலாம்னு வைப்போம்னு நான்தான் சொன்னேன். ஒத்துக்கறேன், என் யோசனைதான். ஒரு பட்டன் மாத்துற வேலைன்னு நினைக்காதீங்க. திரும்ப முடிஞ்சா பழைய பள்ளமெல்லாம் சும்மா வாய்க்கால் மாதிரி ஆயிடும். எல்லாத்தையும் அகலமாக்கணும். நூத்தி நாப்பது பள்ளம் சார், எட்டு மாசம். ஒவ்வொண்ணையும் நானே தாண்டித் தாண்டிப் பாத்தேன். இந்தக் கட்டைவிரலப் பாருங்க, இன்னும் முழுசா மடங்காது.

வெளியான அன்னிக்கே ஆரம்பிச்சுட்டாங்க. தொடரையே கொன்னுட்டாங்க, எங்க சின்ன வயச அழிச்சுட்டாங்கன்னு. யாரு சார் இவங்க? போன தடவ புதுசா ஒண்ணுமே இல்லன்னு கத்தினானுங்களே, அதே ஆளுங்கதான்! இதுல எங்க டைரக்டர் பேட்டி வேற குடுக்குறாரு, அது எங்க டீம்ல ஒரு பொண்ணு எடுத்த முடிவுன்னு. பேரையும் சொல்லிட்டாரு. கையெழுத்துப் போட்டது யாரு? அவரு! பாராட்டு வந்திருந்தா என் பேரு அவர் வாயில வந்திருக்குமா?

மறுநாள்லருந்து எனக்கு மெயில். நாலாயிரம் தாண்டிருச்சு. கெட்ட வார்த்தையெல்லாம் படிச்சுப் படிச்சு மரத்துப் போச்சு. எழுத்துப் பிழையத் திருத்தி அனுப்பலாமான்னுகூடத் தோணுச்சு.

இந்த மெயில் ஒண்ணுதான் வேற. படிங்க. காலையில எட்டே காலுக்குக் கேட்டத் தொறந்துட்டு வெளிய வர்ற, நீலப் பைய எடது தோள்ல மாட்டுற, கைய ஒடிச்சாத்தான் உனக்குப் புத்தி வரும்னு. ஆபீஸ்ல பாத்துட்டு, மொதல்ல போலீஸ்ல குடுன்னு விரட்டிட்டாங்க. நானா வந்திருக்க மாட்டேன்.

யார் மேல சந்தேகமா? சந்தேகமெல்லாம் இல்ல சார், யாருன்னே தெரியும். கடைசி வரியப் பாருங்க. நம்ம ஒட்டகத்த நாசம் பண்ணிட்டியேன்னு இருக்கா? அந்த வீரனுக்கு ஒட்டகம்னு பேரு வச்சது நான். எனக்கு அப்ப பத்து வயசு. அவன் முட்டிய மடக்கிக் குதிக்கிற அழகப் பாத்து வச்சேன். இந்த உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் அது தெரியும். கேம் ஆட வீட்ல ஒரே ஒரு கன்ட்ரோலர், வீரன் செத்தா கை மாறும்.

என் தம்பி சார். கூடப் பொறந்தவன். அம்மா போனதுலருந்து என் வீட்லதான் இருக்கான், இருபத்தெட்டு வயசாகுது. மெயில் வந்தப்ப எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தான். போன்ல என்னமோ தட்டினான், கீழ வச்சான், என் போன் அடிச்சுது. உப்ப இந்தப் பக்கம் தள்ளுக்கான்னான். தள்ளிட்டுத்தான் எடுத்துப் படிச்சேன்.

பழைய மாதிரியே குதிக்கணும்னா அதுக்கும் வழி இருக்கு சார். கேமோட செட்டிங்ஸ்ல மூணாவது வரி. வேணாம் வேணாம்னாங்க, அவனுக்காகத்தான் சண்டை போட்டு உள்ள வச்சேன். தொறந்துகூடப் பாக்கல, நாயி.

ஏன் சார் பேனாவக் கீழ வச்சுட்டீங்க? உறவுன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல தம்பின்னு போடுங்க. தெளிவா எழுதுங்க.