பார்க்காத ஒருவர்

எனக்குச் சத்தம் போட்டுப் பேசுவது பிடிக்காது, சார். அருமனைப் பக்கத்து ரப்பர் பால் கம்பெனியில் எல்லோரும் கூவித்தான் பேசுவார்கள். அதனால்தான் எல்லோர் போனிலும் செய்தி அனுப்ப ஒரு செயலியைப் போட வைத்தேன். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்றும் அது காட்டும். ஆபீஸ், லேப், டேங்க் அறை எல்லாம் ஒரே குழுவில்.

முதலாளி ரசலையன் கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு கூப்பிட்டார்.

“இதால நமக்கு என்ன பிரயோஜனம் பிள்ளே? மாசம் முடியதுக்குள்ள காட்டு. இல்லேன்னா ஆப்பும் வேண்டாம், அத நோக்க ஒரு ஆளும் வேண்டாம்.”

முன்பு வேலை பார்த்த இடத்திலும் இப்படித்தான் அனுப்பினார்கள். மறுபடியும் வீட்டில் போய் இருக்க என்னால் ஆகாது. ஆனால் ஒருவரும் செயலியைத் திறக்கவில்லை. அவசரம் என்றால் சைரனை அழுத்தினார்கள். அது இருக்கும்வரை போனை யார் பார்ப்பார்கள்? சைரனின் வயரை நான் கழற்றினேன்.

பால் உறையாமல் இருக்க அம்மோனியா கலப்போம். வியாழக்கிழமை மத்தியானம் அதன் குழாய் விட்டுப்போய் வாயு கசிந்தது. வாடை முதலில் எனக்குத்தான் வந்தது. டேங்க் அறை கூப்பிடு தூரம். நான் கூப்பிடவில்லை. ‘எல்லோரும் வெளியே போங்கள்’ என்று செயலியில் போட்டேன். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள், வெளியே ஓடினார்கள். எனக்குக் கண்ணீர் வந்தது. வாடையால் மட்டுமல்ல.

பொன்னுலிங்கம் அண்ணன் டேங்குக்குள் இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் போனை ஜன்னலில் வைத்துவிடுவார். அது எனக்குத் தெரியும்.

லேப்பில் இருக்கும் பிந்து ஓடி வந்தாள். “யக்கா, அண்ணன் உள்ள நிக்காரு. சைரன் அடிக்கல்ல. ஒண்ணு கூவுங்க யக்கா.”

“ஆப்புல போட்டிருக்கேன் மக்கா. பாத்துட்டு வருவாரு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினாள். வெளியே நின்றவர்கள் அவளை மட்டும் இழுத்து வந்து காப்பாற்றிவிட்டார்கள். குரல்தான் இன்னும் வரவில்லை.

நான் கூவியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். பிறகு முதலாளி என்ன சொல்வார்? கூவினாலே போதுமே பிள்ளே என்பார்.

குழுவில் பொன்னுலிங்கம் அண்ணன் பெயருக்கு நேரே மட்டும் ‘பார்க்கவில்லை’ என்று இருக்கிறது. பார்த்திருந்தால் பிழைத்திருப்பார். அந்த மாதம் முழுக்க அதைத்தானே சார் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.