முப்பத்தொரு நாள் துடக்கு

இரண்டு மணிக்குக் கூட்டம் என்றால் இரண்டு மணிக்கே தொடங்கிவிடும் வழக்கம் எனக்கு இன்றுவரை பழகவில்லை. டென்மார்க்குக்கு வந்து முப்பத்தெட்டு வருடமாகிறது. எங்கள் காலத்தில் இரண்டு மணிக் கூட்டத்துக்கு மூன்றரைக்கு வருவார்கள். அதற்கிடையில், வாசலில் சப்பாத்துக் கழற்றுகிற இடத்தில், யாருக்கு யார் கை உயர்த்துவது என்பதெல்லாம் பேசி முடிந்திருக்கும். இப்போது இளம் ஆட்கள் நீங்கள் நேரத்துக்கு வந்து, நிகழ்ச்சி நிரலைத் திரையில் காட்டி, நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டுக் கோப்பி குடிக்கிறீர்கள். போன கூட்டத்தில் எனக்குப் பின்வரிசையில் கதிரை. ஒன்பது வருடம் இந்தத் தமிழ் மன்றத்தின் தலைவராக இருந்தவனுக்குப் பின்வரிசை. பரவாயில்லை.

அபிதா, போன கிழமை நீர் வீட்டுக்கு வந்து கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். உம்முடைய கைபேசியில் ஒரு படம் காட்டினீர். போர் முடியச் சனத்தை அடைத்துவைத்த முகாமில் பதிந்த துண்டு. அதில் உம்முடைய சித்தப்பா ஆனந்தராஜாவின் பெயரும் கையெழுத்தும், 2009 மே மாதத் திகதியும் இருந்தன.

"அங்கிள், அப்பா ஒவ்வொரு வருசமும் தை மாதத்திலையெல்லோ திவசம் செய்யிறவர். தையிலை செத்த ஆள் மே மாதம் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

தேத்தண்ணி ஆறுது பிள்ளை, குடியும் என்றேன். அது பதில் இல்லை என்று உமக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஒழுங்கான பதில் வேண்டுமென்றால் நான் தலைவராக இருந்த கதையைக் கேட்க வேண்டும். மன்றத்தின் விழா மலரில் அதற்கு அரைப்பக்கம்தான் தந்தார்கள். அதிலும் பாதி என் படம்.

என் அப்பாவுக்கு யாழ்ப்பாணம் பெரியகடையில் புடவைக் கடை இருந்தது. அங்கே நான் படித்தது, வந்தவரிடம் எடுத்த எடுப்பில் விலை பேசக்கூடாது என்பது. முதலில் கதிரை, பிறகு சோடா, பிறகு அவருடைய தாயாரின் முழங்கால் வலி. சேலை கடைசியில்தான். 2006 தை மாதம் இந்த முறையில்தான் ஹேர்னிங்கில் தலைவரானேன். ஆறு மாதம் வீடு வீடாகப் போய் முழங்கால் வலி விசாரித்தேன். ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் வென்றேன்.

அதே வருடம் ஊரில் போர் திரும்பத் தொடங்கியது. அதற்கு முன் தலைவர் என்றால் விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் ஒழுங்கு செய்கிற ஆள். போர் வந்தபின் அப்படியில்லை. வன்னிக்குத் தொலைபேசி அறுந்துவிட்டது. என் ஒன்றுவிட்ட மச்சான் தண்டபாணி வவுனியாவில் போன் பேசுகிற கொமினிகேசன் கடை வைத்திருந்தான். வன்னியிலிருந்து வெளியே வருகிறவர்கள் அவனிடம் செய்தி சொல்வார்கள். அவன் எனக்குப் போன் அடிப்பான். நான் அந்தந்த வீட்டுக்குப் போவேன். ஹேர்னிங், விபோர்க், ஸ்கீவ, எங்கே தமிழ் வீடு இருந்ததோ அங்கெல்லாம் சாவுச் செய்தி என் காரில்தான் போனது.

அதை நான் நன்றாகச் செய்தேன். கேட்டுப் பாரும், எல்லாரும் சொல்வார்கள். சப்பாத்தைக் கழற்றாமல் நின்றால் வாசலிலேயே விளங்கிவிடும். உள்ளே போய் இருந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பிறகு சொல்ல வேண்டும். எப்போது இறந்தார் என்றால் நான் சொல்வதுதான் திகதி. வேறு யாரிடம் போய்க் கேட்பது?

பதவியில் இருந்தபோது நான் இரண்டு விதிகள் கொண்டுவந்தேன். வாக்களிக்க ஆள் நேரில் வர வேண்டும். ஆண்டுக் கூட்டம் பொங்கல் விழா நாளில், அதே மண்டபத்தில், பொங்கிப் படைத்த பிறகு நடக்க வேண்டும். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரே பயணத்தில் இரண்டு அலுவல். அன்றைக்கு எனக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை, நம்பினால் நம்பும்.

நியமனங்களும் செய்தேன். ஆதரித்த ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. பண்பாட்டுப் பொறுப்பாளர், துணைப் பண்பாட்டுப் பொறுப்பாளர், ஒலிவாங்கிப் பொறுப்பாளர். எண்பத்தாறு அங்கத்தவரில் முப்பத்தொன்பது பேர் பொறுப்பாளர்கள். மிச்சப்பேர்தான் பிரச்சினை. அந்த மிச்சப்பேருக்கு உம்முடைய அப்பா தலைமை தாங்கினார்.

குலேந்திரன் நேர்மையான மனிதர். அதைப்போல எரிச்சலூட்டுவது வேறொன்றில்லை. ஒரு ஆள் இரண்டு வருடத்துக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது, இதுதான் டெனிஷ் முறை என்று நின்றார். போர் நடக்கும்போது தலைவரை மாற்றுவது முறையா என்று நான் கேட்டேன். "அப்ப போர் முடியக் கூடாது எண்டு கும்பிடுங்கோ அண்ணை" என்றார், முழுச் சபையும் சிரிக்க. அவருடைய பங்காளிகள் மட்டும் பத்தொன்பது வாக்கு. எல்லாரும் வடமராட்சிக்காரர், ஆசாரம் பார்க்கிறவர்கள். செத்த வீட்டுத் துடக்கென்றால் முப்பத்தொரு நாள், அந்தியேட்டி முடியுமட்டும் கோயிலுக்கும் போகமாட்டார்கள், பொங்கல் பானைக்குக் கிட்டவும் வரமாட்டார்கள். எங்களுக்கு விசா கிடைக்கப் பட்ட பாடு உமக்குத் தெரியாது. துடக்குக்கு அந்தச் சிரமமே இருக்கவில்லை, எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

2007 டிசம்பர் பத்தாம் திகதி உம்முடைய அப்பாவின் சின்னையா ஒருவர் கிளிநொச்சியில் காய்ச்சலில் இறந்துபோனார். வயது எண்பத்தொன்று. தண்டபாணி எனக்குப் பன்னிரண்டாம் திகதி சொன்னான். நான் அன்றைக்கே போயிருக்கலாம். ஆனால் பத்தாம் திகதியிலிருந்து எண்ணினால் துடக்கு ஜனவரி ஒன்பதோடு கழிந்துவிடும், எங்கள் பொங்கல் விழா ஜனவரி பத்தொன்பது. இருபத்துநான்காம் திகதி போய், இருபத்திரண்டாம் திகதி இறந்தார் என்று சொன்னேன். பன்னிரண்டு நாள் தள்ளிவைத்ததால் அந்தக் கிழவருக்கு ஒரு குறையும் வரவில்லை. கூடப் பன்னிரண்டு நாள் இருந்தார் என்றுகூடச் சொல்லலாம். பத்தொன்பது பேரும் விழாவுக்கு வரவில்லை. நான் வென்றேன்.

அடுத்த வருடம் உம்முடைய அப்பா இன்னும் கடுமையாக நின்றார். ஒலிவாங்கிப் பொறுப்பாளரைக்கூடத் தன் பக்கம் இழுத்துவிட்டார். நான் எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது பேரும் வந்தால் நான் ஆறு வாக்கில் தோற்பேன். எனக்கு ஏற்பட்ட சலிப்பை எப்படிச் சொல்வது? அந்த மார்கழி முழுக்கத் தண்டபாணி நாளுக்கு நாலைந்து பெயர் சொன்னான். எல்லா வீட்டுக்கும் போனேன். பனியில் கார் சறுக்கி ஒருதரம் வயலுக்குள்ளும் போனேன். அவ்வளவு பேர் இறந்தார்கள், உங்கள் பங்காளிகளில் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

ஜனவரி நாலாம் திகதி, ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தீர், பதினொரு வயதிருக்கும். அப்பா கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன அண்ணை, வோட்டுக் கேட்டு என்ரை வீட்டுக்கே வந்திட்டியளோ? நிலைமை அவ்வளவு மோசமோ?"

"உள்ளை வரட்டோ?"

"வாங்கோ வாங்கோ. வோட்டு இல்லை, தோசை இருக்கு."

நான் சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே போய் இருந்து தண்ணீர் கேட்டேன். தண்ணீர் கேட்டதும் அப்பாவின் சிரிப்புப் போய்விட்டது. அதுவரை எத்தனை வீட்டில் நான் தண்ணீர் குடித்தேன் என்று ஊருக்கே தெரியும்.

"ஆர் அண்ணை?"

"தம்பி."

"என்ரை தம்பியோ?"

"ரெண்டாம் திகதி, செல் விழுந்து. கண்ட சனம் வவுனியாவுக்கு வந்து சொல்லியிருக்கு."

ஆனந்தராஜா அன்றைக்கு உயிரோடுதான் இருந்தார், பிள்ளை. இரண்டு நாளுக்கு முன் அவரை விசுவமடுவில் சைக்கிளோடு கண்டதாகத் தண்டபாணியிடம் ஒருவர் சொல்லியிருந்தார். பெயர் அதனால்தான் எனக்கு நினைவில் இருந்தது.

இதில் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. விழா பதினேழாம் திகதி. அது முடிந்து ஒரு கிழமையில் போய், செய்தி பிழையாம், ஆள் இருக்கிறாராம் என்று சொல்லுவதாகத்தான் என் திட்டம். செத்தவர் இருக்கிறார் என்று சொல்லப் போகிறவனுக்கு எவ்வளவு வரவேற்பு இருக்கும் என்றும் யோசித்தேன். குலேந்திரன் என்னைக் கட்டிப்பிடித்திருப்பார். பிறகு எந்தத் தேர்தலிலும் எனக்கு எதிராக நின்றிருக்கமாட்டார்.

பதின்மூன்று வாக்கில் வென்றேன். திட்டம் பிழைத்தது அதற்குப் பிறகுதான். விழாவுக்கு முந்தின கிழமை, எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவுக்கு அப்பா என்னை அழைத்திருந்தார். படத்துக்கு முன்னால் இருந்து, "அண்ணை, போட்டி வேறை, இது வேறை, நீங்கள் நேரிலை வந்து சொன்னதை நான் மறக்கமாட்டன்" என்றார். அந்த மனிதரிடம் போய்ச் செய்தி பிழை என்று எப்படிச் சொல்வது? ஒரு சாவு பிழையென்றால், நான் சொன்ன மற்றச் சாவுகளையும் சனம் தோண்டத் தொடங்கும். போர்க்காலத்தில் தலைவர் மேல் நம்பிக்கை போகக்கூடாது. அது எனக்காக அல்ல, மன்றத்துக்காக. மாசி மாதம் அப்பாவை அஞ்சலிக் குழுப் பொறுப்பாளராக நியமித்தேன். அவரைவிடப் பொருத்தமான ஆள் இருக்கவில்லை.

மே மாதம் போர் முடிந்தது. என் மனைவி ராசமலர் சமைத்துக்கொண்டே, "அங்கை எல்லாம் முடிஞ்சுது. உங்கடை தலைவர் பதவிதான் முடியேல்லை" என்றாள். சிரிக்க முடியவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஆனந்தராஜா எனக்குத் தொலைபேசி எடுத்தார். முகாமுக்குள் யாரிடமோ இரவல் வாங்கிய போன். அண்ணனின் இலக்கம் எழுதிய கொப்பி ஓட்டத்தில் தொலைந்துவிட்டதாம். தண்டபாணி என் இலக்கத்தைத்தான் கொடுத்திருக்கிறான். தான் இருப்பதாக அண்ணனிடம் சொல்லச் சொன்னார். வெளியே இருந்து ஒருவர் பொறுப்பெடுத்துக் கடிதம் தந்தால் தன்னை விடக்கூடும் என்றார். சொல்கிறேன் என்றேன். ஜூனில் திரும்பவும் எடுத்தார். அண்ணன் வேலை விசயமாக வெளியூர், கடிதம் அலுவல் நடக்கிறது என்றேன். வாங்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது என் அப்பாவின் கடையில் படித்தது, ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் அனுப்புவோம். நீர் காட்டிய துண்டு அந்த முகாமில் அவர் பதிந்ததுதான். போலி அல்ல. தேடிக் களைக்க வேண்டாம்.

மூன்றாம் முறை எடுத்தது ஜூலை பதினாலு, செவ்வாய்க்கிழமை, இங்கே பின்னேரம் மூன்று மணி. தொழிற்சாலைகளுக்குக் கோடை விடுமுறை. நான் பின்வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். மெசினை நிற்பாட்டிவிட்டுக் கேட்டேன்.

முகாமில் ஒலிபெருக்கியில் சொல்கிறார்களாம், இயக்கத்தோடு ஒரு நாளாவது நின்றவர்கள் தாங்களாகவே வந்து பெயர் கொடுக்க வேண்டும், கொடுத்தால் விசாரித்து விடுவோம் என்று. அவர் எட்டு நாள் அவர்களுக்கு உழவு இயந்திரம் ஓட்டியவர், அதுவும் பிடித்துக்கொண்டுபோய் ஓட்டவைத்தது.

"அண்ணை, நீங்கள் வெளியிலை இருக்கிறியள். தலைவர். உங்களுக்கு நாலு இடத்துச் செய்தி வரும். பேரைக் குடுக்கட்டோ, பேசாமல் இருக்கட்டோ?"

எனக்குச் செய்தி வந்துதான் இருந்தது. முந்தின கிழமை தண்டபாணி சொல்லியிருந்தான்: "பேர் குடுத்த ஆக்களை பஸ்ஸிலை ஏத்தினவங்கள் மச்சான். எங்கை எண்டு தெரியாது. ஒருத்தரும் திரும்பி வரேல்லை."

நான் கொஞ்சம் யோசித்தேன். அவர் வெளியே வந்தால் முதலில் அண்ணனுக்குத்தான் எடுப்பார். அண்ணன் முதலில் என்னிடம்தான் வருவார். ஐப்பசியில் மண்டபம் புதிதாக்கும் விசயமாகக் கொமூன் நகரசபையோடு பேச்சு இருந்தது. மன்றம் பிளவுபடுவதற்கு அது நேரமில்லை.

"குடுங்கோ தம்பி," என்றேன். "குடுத்தால்தான் கெதியா வெளியிலை வரலாம்."

"அண்ணனுக்குச் சொன்னீங்களே, நான் இருக்கிறன் எண்டு?"

"ஓம். சந்தோசத்திலை அழுதவர்."

அவரும் அழுதார். பிறகு, "அப்ப நாளைக்குப் போய்க் குடுக்கிறன் அண்ணை" என்று சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

திவசத்துக்குத் திகதி வேண்டுமென்றால், அப்பாவிடம் ஜூலை பதினைந்து என்று சொல்லும். அதற்குக் கிட்டத்தில்தான் இருக்கும். இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டுவதும் விடுவதும் உம்முடைய விருப்பம். ஆனால் ஒன்றை அவருக்குத் தெளிவாக விளங்கப்படுத்த வேண்டும். நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, கடைசிவரை என் வாயால் யாருடைய பெயரையும் யாரிடமும் சொல்லவில்லை. ஆலோசனை கேட்டார், சொன்னேன். அடுத்த நாள் காலை நடந்துபோய்ப் பெயரைக் கொடுத்தவர் ஆனந்தராஜாதான்.